கமராவுக்குக் கீழே குனிந்து போன மாப்பிள்ளை

ஜெர்மனியில் இருக்கும் தமிழர்களில் அதிகம் வெட்கப்படுகிறவர் யார் என்று எவராவது போட்டி வைத்திருந்தால், முதற்பரிசு திரைச்சீலைக்குத்தான் கிடைத்திருக்கும். அதை வாங்க அவன் மேடைக்கு வந்திருக்க மாட்டான் என்பது வேறு விஷயம். இரண்டாம் பரிசுக்காரன் இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போயிருப்பான். திரைச்சீலையும் சந்தோஷமாகக் கைதட்டியிருப்பான், யாருக்கும் கேட்காத மாதிரி.

மன்னாரில் ஞானஸ்நானம் கொடுத்தபோது வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்தைத் தவிர அதை வேறு யாரும் பயன்படுத்தவில்லை. எங்களுக்கு அவன் திரைச்சீலை. கெல்சென்கிர்ச்சனில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு யார் வந்தாலும் அவன் போய் ஜன்னல் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுவிடுவான். சீலை கொஞ்சம் கட்டை. கீழே பத்து விரல்களும் தெரியும். வந்தவர்கள் தேத்தண்ணி குடித்து, ஊர்ப் புதினம் பேசி, எழும்பும்போது, “அப்ப நாங்கள் வாறம் தம்பி” என்று சீலைக்கும் சொல்லிவிட்டுப் போவார்கள். சீலை மெல்ல அசையும். அதுதான் அவனுடைய மறுமொழி.

நான் அந்த வீட்டுக்கு வந்தது இரண்டாயிரத்துச் சில்லறையில். அதற்கு முன்னர் கஸலில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். அந்த வேலை போனது, அதோடு சேர்ந்த அறையும் போனது. ரயில் நிலையத்து வாங்கில் கொஞ்சக் காலம் படுத்து எழும்பினேன். பிறகு, வீட்டு வாடகையைப் பகிர ஆள் தேடுகிறான் ஒருவன் என்று கேள்விப்பட்டு வந்தேன். கதவு திறந்தே கிடந்தது. வாடகை பற்றி அவன் என்னோடு பேசவே இல்லை. நான் தங்குவதாக முடிவு செய்து அரைமணி நேரம் கழித்துத்தான், சீலைக்குப் பின்னால் நிற்பவன் வீட்டுக்காரன் என்று எனக்குத் தெரிந்தது.

அவனோடு பஸ்ஸில் போவது ஒரு சோதனை. இறங்குமிடம் வரும், போகும். அவன் அசையமாட்டான். வேறு யாராவது மணியை அடித்தால்தான் இறங்குவான். பிறகு வந்த வழியே நடப்போம்.

“ஏன்ரா பட்டனை அமத்தேல்லை?”

“அமத்தினால் மணி அடிக்குமல்லோ. எல்லாரும் திரும்பிப் பாப்பினம்.”

“பாத்தால்?”

“நான் இறங்கப் போறன் எண்டு தெரிஞ்சிடும்.”

பேக்கரியில் இன்னும் மோசம். என்ன வேண்டும் என்று வாய் திறந்து கேட்க வெட்கம். ஆகவே முன்னால் நிற்பவர் வாங்கியதைக் கையால் காட்டி, “அதே மாதிரி” என்பான். பெரும்பாலும் தப்பிவிடுவோம். ஒருநாள் முன்னால் நின்ற கிழவர் தன் கால்பந்துக் கழகத்துக்குப் பணிஸ் வாங்க வந்தவர். அந்தக் கிழமை முழுக்க நாங்கள் பணிஸ் சாப்பிட்டோம். பணிஸைக் குழம்பில் நனைத்துச் சாப்பிட்டோம். கடைசியில் பணிஸை உதிர்த்துப் புட்டுக்கூட அவித்துப் பார்த்தோம்.

அவன் மனம்விட்டுப் பேசிய இடம் ஒன்று இருந்தது: பாவசங்கீர்த்தனத் தொட்டி. அங்கே கேட்டதைச் சாமியார் வெளியே சொல்லக்கூடாது. ஆனால் தமிழ்ப் பூசை வைக்க வரும் எங்கள் சாமியார் ஒருமுறை பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார். “ஆர் எண்டு தெரியாது. வலைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் வருது. பாவம் ஒண்டும் இல்லையாம். காலநிலையைப் பற்றிக் கதைக்குது, உருளைக்கிழங்கு உரிக்கிற மெஷினைப் பற்றிக் கதைக்குது. பின்னுக்கு ஆக்கள் வரிசையில நிக்கினம்!” பாவமே இல்லாதபடியால் இரகசியம் காக்கத் தேவையில்லை என்பது அவருடைய நியாயம். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் இரண்டு காதுகள் சிவந்தன.

அந்த உருளைக்கிழங்கு மெஷின் இருந்தது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். திரைச்சீலை அங்கே கோப்பை கழுவினான். அதே இல்லத்தில், இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலிருந்து வந்த யாந்தி என்ற கத்தோலிக்கப் பெண் முதியோர் பராமரிப்புக்கான அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் எச்சில் தட்டுகளைக் குப்பையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். யாந்தியின் தட்டுகள் மட்டும் வழித்துத் துடைத்து, பெரியது கீழே சிறியது மேலே என்று அடுக்கி வரும். தலை குனிந்தபடி வைப்பாள். அவனும் தலை குனிந்தபடி எடுப்பான். ஒரு குளிர்காலம் முழுவதும் அந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தது தட்டுகளின் பளபளப்பில்தான்.

பிறகு ஒருநாள் சூப்புக் கோப்பையின் அடியில் ஒட்டியிருந்த துண்டில் அவளுடைய சாட் முகவரி வந்தது.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு துருக்கியர் இன்ரநெற் கடை வைத்திருந்தார். வேலை முடிந்து இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே வாசலால் நுழைந்து, கடையின் இந்தத் தொங்கலில் ஒருவரும் அந்தத் தொங்கலில் ஒருவருமாக இருந்து, ஜெர்மனில் ஒருவருக்கொருவர் எழுதுவார்கள். துருக்கியர் என்னைத் தனியே கூப்பிட்டு, “உங்கட ஆளுக்கும் அந்தப் பிள்ளைக்கும் என்ன கோபம்?” என்று கேட்டார்.

“கோபமில்லை. காதல்.”

அவர் இரண்டு தொங்கலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

விசைப்பலகையில் கை வைத்தால் திரைச்சீலை வேறு ஆள். பகிடி விடுவான், கேள்வி கேட்பான், சமையலறை மேலாளரைப் போல எழுதிக் காட்டுவான். எழுதிய முதல் நாளே அவன் கவலையோடு என்னிடம் வந்தான்.

“மச்சான், அவளின்ர கீபோட் பழுது போல. ரெண்டே ரெண்டு எழுத்துத்தான் மாறிமாறி வருது. நான் என்ன எழுதினாலும் அதுதான் வருது.”

நான் போய்ப் பார்த்தேன். உண்மைதான். w, k, w, k என்று ஒரு வரி முழுக்க ஓடியது. கடைக்காரரிடம் சொல்லி அவளுக்கு வேறு மெஷின் கொடுத்தோம். அதிலும் அதுவே வந்தது. கடைசியில் அவளிடமே கேட்டான். இந்தோனேசியப் பிள்ளைகள் இணையத்தில் விழுந்து விழுந்து சிரிப்பது அப்படித்தானாம். அன்றைக்கு நானும் அவனும் வீட்டுக்கு நடந்தோம். படியேறும்போது சொன்னான். “என்னாலயும் ஒராளைச் சிரிக்க வைக்க ஏலும், மச்சான்.”

யாந்தியின் மச்சாள்மார், மச்சான்மார் எல்லோரும் ஒரு இணையத்தளத்தில் கூட்டமாகக் குடியிருந்தார்கள். விஷயம் அங்கே கசிந்தது. மாப்பிள்ளையின் படத்தைப் போடு என்று ஜாவா முழுக்க எழுதியது. இவன் யோசித்து யோசித்து, தான் மினுக்கிய பெரிய அலுமினியக் கிடாரத்தைப் படம் பிடித்துப் போட்டான். “கிடாரம் வடிவு. மாப்பிள்ளை எங்கே?” என்று கீழே வரிசையாகக் கேள்வி. கூடவே, “கல்யாணம் எப்போது?” என்றும் கேட்டார்கள். அந்த நாட்டில் அது ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்பது மாதிரியாம். எல்லோரும் எல்லோரையும் கேட்பார்களாம்.

ஆனால் உண்மையில் அதைக் கேட்க வேண்டிய ஒருவர் கேட்கவில்லை. யாந்தியின் அம்மா. கோடைகாலத்தோடு யாந்தியின் அவுஸ்பில்டுங் முடிகிறது. ஜாவாவில் அவளுடைய மாமா, வங்கியில் வேலை செய்யும் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். ஒருநாள் யாந்தி எங்கள் வீட்டுக்கு வந்து, சீலையைப் பார்த்தபடி சொன்னாள். அவள் பேசியது ஜெர்மன்தான். நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன். “அம்மா ஓம் எண்டால் நான் இங்க இருப்பன். இல்லை எண்டால் போகத்தான் வேணும். அம்மாவின்ர மனம் நொந்து நான் கலியாணம் கட்டமாட்டன். ஒருக்கா கமராவில உங்களைப் பாக்கோணுமாம்.”

சீலை அசையவில்லை. நடுங்கியது.

வேலையில்லாதவர்களுக்கு நேர்முகப் பேட்டியைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஒன்றுக்கு நான் கட்டாயத்தின் பேரில் போயிருந்தேன். நெஞ்சை நிமிர்த்து, கண்ணைப் பார், உரத்துப் பேசு, உன்னை நீயே விற்றுக்கொள் என்றார்கள். எனக்கு அது வேலை எடுத்துத் தரவில்லை. அவனுக்காவது உதவட்டும் என்று முழுவதையும் இறக்கினேன். நிலம் துடைக்கிற கட்டையைச் சுவரில் சாத்தி, “இதுதான் உன்ர மாமி. கண்ணைப் பாத்து வணக்கம் சொல்லு” என்றேன். அவன் அந்தக் கட்டைக்கு முன்னாலும் தலையைக் குனிந்தான்.

பெண் கேட்பதற்குப் பெரியவர்கள் வேண்டும் என்று வுப்பர்டாலில் இருந்த அவனுடைய அக்காவுக்குச் சொன்னோம். அக்கா தம்பிக்கு நேர் எதிர். குடும்பத்துக்கென்று கடவுள் அளந்து கொடுத்த குரல் முழுவதையும் முதலில் பிறந்தவர் எடுத்துக்கொண்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காஞ்சிபுரத்தோடும் ஆரத்தோடும் வந்து, எங்கள் வீட்டில் இரவல் வாங்கி வைத்த கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். பக்கத்தில், சொல்வதை மாற்றிச் சொல்ல யாந்தி. அக்காவின் தமிழை ஜெர்மனாக்கி யாந்தியிடம் கொடுக்க நான். நடுவில் மாப்பிள்ளைக்கு ஒரு கதிரை.

தொடர்பு வந்தது. கதிரை வெறுமை. மாப்பிள்ளை படுக்கையறைக்குள்.

திரையில் ஜாவா வந்தது. சின்னம்மாமார், பெரியம்மாமார், பின்னால் மச்சான்மார் என்று ஒரு வரிசை. கண்ணாடி போட்ட அப்பா, ஓய்வுபெற்ற வாத்தியார். அம்மா மட்டும் இல்லை. ஓரத்தில் ஒரு தோளும் ஒரு காதும் தெரிந்தன. அவருக்கும் வெட்கம்.

ஜாவா தூரம் என்பதால் அக்கா அதற்கேற்றபடி கத்தினார். “வணக்கம்! நான் மாப்பிள்ளையின்ர தமக்கை! என்ர தம்பி குடிக்கமாட்டான்! சிகரட் இல்லை! பூசை தவறவிடமாட்டான்! உங்கட பிள்ளையை ராணி மாதிரி வச்சிருப்பான்!”

ஒவ்வொரு வசனத்துக்கும் அந்தத் தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரையை விட்டு நகர்ந்தது. கடைசியில் காது மட்டும் மிஞ்சியது.

“ஓமோ இல்லையோ? ஒரு சொல்லுச் சொல்லச் சொல்லு!”

ஜாவா முழுவதும் அழகாகச் சிரித்தது. பிறகு பார்க்கலாம் என்றது. எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. யாந்தியின் முகத்தைப் பார்த்தேன். அது நிறம் மாறியிருந்தது. “அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்,” என்றாள் மெல்ல. “அது இல்லை எண்டு அர்த்தம்.”

அந்த நேரத்தில்தான் படுக்கையறைக் கதவு ஒரு சாண் திறந்தது. பயத்தில் போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்திருந்தான் திரைச்சீலை. கழிப்பறையோ அடுத்த பக்கம். கமராவின் கண்ணுக்கு முன்னால்தான் போகவேண்டும். அவனுடைய கணக்கு, குனிந்து போனால் கமராவுக்குத் தெரியாது என்பது. இடுப்பு வரை வளைந்தான். நிலத்தில் கிடந்த வயரில் கால் தட்டாமல் இருக்க வலது கையைக் கீழே நீட்டி வழி பார்த்தான். அப்படியே மெல்ல, மெல்ல, எங்களுக்குப் பின்னால் ஊர்ந்து போனான். கமரா அக்காவின் குரலுக்குப் பயந்தோ என்னவோ கொஞ்சம் கீழே சரிந்திருந்தது. முழுவதையும் பிடித்துவிட்டது.

ஜாவாவில் சத்தம் நின்றது. காதோடு தோள் வந்தது, தோளோடு முகம் வந்தது. வட்டமான, வெள்ளை முடி ஓடிய முகம். முதல்முறையாக அம்மா திரையின் நடுவில் இருந்தார். ஏதோ கேட்டார்.

“அது ஆர் எண்டு கேக்கிறா,” என்றாள் யாந்தி. “அவர்தான் எண்டு சொன்னன்.”

கழிப்பறைக் கதவு திறந்தது. போனவன் அதே மாதிரி வளைந்து, அதே மாதிரிக் கையை நீட்டித் திரும்பி வந்தான். ஜாவா அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டு பார்த்தார். சின்னம்மாமார் ஒருவரை ஒருவர் இடித்தார்கள்.

யாந்தி அழத் தொடங்கினாள். நாங்கள் பயந்துபோனோம்.

“எங்கட ஊரில பெரியாக்கள் இருக்கிற இடத்தால நிமிர்ந்து போகக்கூடாது. இப்பிடித்தான், குனிஞ்சு, வலது கையைக் கீழ நீட்டி, அனுமதி கேக்கிற மாதிரிப் போகோணும். இப்பத்தைப் பெடியள் ஒருத்தரும் செய்யிறேல்லையாம். மாமா பாத்த பாங்க் மாப்பிள்ளை அம்மாவுக்கு முன்னால கால் மேல கால் போட்டவராம். உங்கட நாட்டிலயும் இவ்வளவு நல்ல வளர்ப்பு இருக்கோ எண்டு அம்மா கேக்கிறா. என்ர படிப்பு முடியிற விழாவுக்கு வரேக்க நேரில பாப்பினமாம்.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் சரிந்தார். “மூத்திரத்துக்குப் போனவனுக்கோடா இவ்வளவு மரியாதை!”

கோடையில் அவர்கள் வந்தார்கள். நேரில் பார்த்தால் அம்மா இன்னும் சின்னவர். விமான நிலையத்தில் திரைச்சீலையும் அவரும் ஒருவருக்கொருவர் குனிந்து கும்பிட்டதில், யார் முதலில் நிமிர்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. பின்னால் வந்த ஒரு பெட்டித் தள்ளுவண்டி முட்டித்தான் நிமிர்ந்தார்கள்.

அடுத்த நாள் அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அங்கேதான் பதில் சொல்வதாக ஏற்பாடு. அக்கா விடியக்காலையிலேயே எழும்பி ஆட்டுக்கறி, இறால், கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, இடிசம்பல் என்று மேசையை நிரப்பியிருந்தார். வுப்பர்டால் சொந்தக்காரர்கள் எல்லோரும் புதினம் பார்க்க வந்து சுவரோரமாக நின்றார்கள். ஜாவா அப்பாவும் அம்மாவும் மருமகன் வீட்டில் சாப்பிடப் போகிறோம் என்று காலையில் வெறும் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு ரயிலில் வந்திருந்தார்கள்.

“சாப்பிடுங்கோ!” என்றார் அக்கா.

அம்மா இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்து, வேண்டாம், வயிறு நிறைந்திருக்கிறது, சிரமப்படாதீர்கள் என்றார். அப்பாவும் அதையே சொன்னார்.

இங்கே அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மனிக்கு வந்த புதிதில் அவர் பக்கத்து வீட்டு ஜெர்மன்காரிக்கு வடையைத் திணித்துத் திணித்துக் கொடுக்க, அந்த அம்மா ‘வேண்டாம் என்றால் வேண்டாம்தான்’ என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து அக்காவுக்கு அது வேதவாக்கு. வெளிநாட்டுக்காரர் வேண்டாம் என்றால் இரண்டாம் தரம் கேட்கக்கூடாது. ஆகவே ஜாவா வேண்டாம் என்றதும், அக்கா மரியாதையாகத் தட்டுகளை எடுத்தார், சட்டிகளை மூடினார். “பரவாயில்லை, பிறகு கேக்கும்போது போடுறன்!” என்று சொல்லி, மிச்சச் சனத்துக்குச் சோடா ஊற்றப் போனார்.

அப்பாவின் கண் ஆட்டுக்கறிச் சட்டியின் மூடியிலேயே நின்றது. அம்மா மடியில் கையை மடித்து வைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் ஏற்கனவே பார்த்திருந்தேன். அப்பாவின் பக்கம் சாய்ந்து இரண்டொரு சொல் சொன்னார்.

யாந்தி என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். கண் கலங்கியிருந்தது. “எங்கட ஊரில முதல்தரம் கேட்டவுடன சாப்பிட்டால் வெட்கங்கெட்ட ஆக்கள். திரும்பத் திரும்பக் கேக்கோணும். கேக்காட்டில் விருப்பமில்லை எண்டு அர்த்தம். ‘எங்களை இவைக்குப் பிடிக்கேல்லை, நாங்கள் போவம், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவம்’ எண்டு அம்மா சொல்லுறா.”

நான் அக்காவிடம் சொன்னேன். அக்கா திகைத்துவிட்டார். “அவையள்தானே வேண்டாம் எண்டவை! இப்ப போய் சாப்பிடுங்கோ எண்டு கத்தட்டோ?”

“கத்தாதேங்கோ அக்கா! கத்தினால் இப்பவே எழும்பிப் போயிடுவினம்.”

என்ன செய்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒருவன் அந்த வீட்டில் இருந்தான். பல்கனிக் கதவின் சீலைக்குப் பின்னால் நின்று அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் போன வீடுகளில் எல்லாம் வேண்டாம் என்று சொல்லி, ஜெர்மனி முழுக்கப் பட்டினியோடு திரும்பியவன். சின்னச் சாப்பாட்டுக்காரன் என்று சனம் அவனுக்குப் பெயர் வைத்திருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு பானையை வழித்துத் தின்பது எனக்குத்தான் தெரியும். வாய் வேண்டாம் என்கிறபோது வயிறு என்ன சொல்கிறது என்பதில் அவனை விட அனுபவசாலி கிடையாது.

சீலை விலகியது.

அவன் வெளியே வந்தான். அத்தனை சனத்துக்கும் நடுவில். குனிந்து, வலது கையை நீட்டி, பெரியவர்களைத் தாண்டிப் போனான். இந்த முறை அதன் அர்த்தம் அவனுக்குத் தெரியும். சட்டியைத் திறந்து, எங்கள் ஆட்கள் குவிக்கிற மாதிரி இல்லாமல், கொஞ்சமாகச் சோறும் ஒரு துண்டு கறியும் போட்டான். அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் முழந்தாளிட்டான்.

“சிலாக்கான், இபு.”

தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா. யாந்தி சொல்லிக்கொடுத்து, எத்தனையோ தரம் விசைப்பலகையில் எழுதிப் பழகிய சொல். வாயால் சொன்னது அன்றுதான். சுவரோரத்தில் ஒரு பெரியம்மா பக்கத்தில் நின்றவரிடம், “எடியே, உவனுக்குக் குரல் இருக்குதோ!” என்றார்.

அம்மா வேண்டாம் என்றார். அவன் தட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. அப்படியே இருந்தான். காதுகள் நெருப்பாகச் சிவந்தன. திரும்பவும் சொன்னான். அம்மா திரும்பவும் வேண்டாம் என்றார், கொஞ்சம் சத்தம் குறைத்து. அந்த அமைதியில் அப்பாவின் வயிறு எல்லா மொழிக்காரருக்கும் விளங்கும்படி ஒரு பதில் சொன்னது. யாரும் சிரிக்கவில்லை. அவன் இன்னொரு தரம் சொன்னான்.

அம்மாவின் கை நீண்டது. தட்டை வாங்கினார். வாங்கியவர் சாப்பிடாமல் யாந்தியிடம் ஏதோ சொன்னார்.

“நீங்களும் சாப்பிட்டால்தான் அம்மா சாப்பிடுவாவாம்,” என்றாள் யாந்தி.

சுவரோரச் சனம் எட்டிப் பார்த்தது. தன் தமக்கை கல்யாணத்திலேயே சாப்பிடாமல் ஒளித்தவன் அவன். ஒரு கணம் பல்கனிப் பக்கம் பார்த்தான். பிறகு தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு, அத்தனை பேரும் பார்க்க, அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, ஒரு பிடி சோற்றை எடுத்து வாயில் வைத்தான்.

அம்மாவும் வைத்தார்.

அக்கா ஆட்டுக்கறிச் சட்டியோடு அவனுக்குப் பின்னால் வந்து நின்று, காதுக்குள், “தம்பி, இப்ப கேக்கட்டோ?” என்றார்.

“கேளுங்கோ அக்கா. ஆனால் மெல்லமாக் கேளுங்கோ.”

அக்கா வாழ்க்கையில் முதல்முறையாக மெல்லமாகக் கேட்டார். வேண்டாம் என்றார்கள். நிறுத்தாமல் கேட்டார். பிறகு அப்பா சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்துச் சுவரோரச் சனமே பெருமைப்பட்டது. இடிசம்பலில் அவருக்குக் கண்ணீர் ஓடியது. துடைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் வேண்டாம் என்றார். அக்கா போட்டார்.

கல்யாணத்துக்கு ஓம் என்று அம்மா வாயால் சொல்லவே இல்லை. சாப்பிட்டு முடித்ததும் தன் தட்டையும் மருமகன் தட்டையும் எடுத்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். அக்கா பாய்ந்து போய், “ஐயோ, விருந்தாளி கழுவக்கூடாது!” என்று தட்டைப் பறிக்கப் பார்த்தார்.

யாந்தி அக்காவின் கையைப் பிடித்தாள். “விடுங்கோ அக்கா. அம்மா இப்ப விருந்தாளி இல்லை.”

தேவாலயத்தில் கல்யாணம் நடந்தபோது மாப்பிள்ளை சம்மதம் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. சாமியார் காதைக் கொடுத்து இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னதும் சாமியாரின் முகம் மலர்ந்துவிட்டது. “அட, உருளைக்கிழங்கு மெஷின்! நீர்தானா அது?” என்று பீடத்திலேயே கேட்டுவிட்டார். கேட்டது பிழை என்று நாக்கைக் கடித்தது பிறகு. முன்வரிசையில் இருந்த ஜாவா அம்மா, மருமகனுக்கு ஏதோ பெரிய மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து எழுந்து தலை வணங்கினார்.

கமரா விஷயத்தின் உண்மையை யாந்தி ஒருநாள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டுச் சொன்னாராம். “அவசரத்திலயும் குனிஞ்சுதானே போனவன். அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?” மாமியாரும் மருமகனும் ஞாயிற்றுக்கிழமைகளில் கமராவுக்கு முன்னால் இருப்பார்கள். இந்தப் பக்கம் ஒரு தோளும் ஒரு காதும், அந்தப் பக்கம் ஒரு தோளும் ஒரு காதும். ஒருவரும் பேசுவதில்லை. இருவருக்கும் அது பெரிய சந்தோஷம் என்று யாந்தி சொல்வாள்.

நான் கெல்சென்கிர்ச்சனிலும் நிலைக்கவில்லை. பிறேமன், ஹாம், இடையில் கொஞ்சம் பிரான்ஸ் எல்லைப் பக்கம் என்று போய்க்கொண்டே இருக்கிறேன். அந்தப் பக்கத்து ரயில் கிடைத்தால் அவர்கள் வீட்டில் இறங்குவேன். நான் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் அவன் தட்டோடு வந்து நிற்பான். எவ்வளவு பசியோடு போனாலும், முதலில் நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அவன் திரும்பக் கேட்பதைக் கேட்க எனக்கு விருப்பம்.